வயது பார்க்காத ஜுரம்

பெரியவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே சாஸ்திரத்தைப் படித்தவர்கள்தாம் என்றாலும், மேற்படிப்பை முடித்துக்கொண்டு தத்தம் வார்டுகளுக்குள் நுழைந்த பிறகு, அவரவர் மனத்தில் அவரவருக்குரிய வியாதிகளின் ஜாபிதா ஒன்று தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. கக்குவானும் தட்டம்மையும் அந்தப் பக்கம். மாரடைப்பும் பக்கவாதமும் இந்தப் பக்கம். நாள்தோறும் புறநோயாளிகள் வரிசையில் வந்து நிற்கும் ஜனத்திரளை இருட்டுவதற்குள் பார்த்து முடிக்க வேண்டிய வைத்தியனுக்கு இத்தகைய பாகுபாடு பெரும்பாலும் துணை செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஜாபிதாவில் தன் பெயர் இல்லை என்பதற்காக எந்த வியாதியும் ஒரு மனிதனை விட்டு விலகிப் போவதில்லை என்பதை, கோயம்புத்தூரில் பொது வைத்தியனாக நெடுங்காலம் தொழில் செய்த எனக்கு, வேறெந்த நோயையும்விட அழுத்தமாகக் கற்பித்தது கவாசாகி நோய்.

இந்நோய் குழந்தைகளுக்கே உரியது என்று பாடப்புத்தகங்கள் சொல்வதில் பிழை ஏதுமில்லை. இதனால் பீடிக்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தினர் 5 வயது நிரம்பாதவர்கள். அவர்களிலும் பெண் குழந்தைகளைக் காட்டிலும் ஆண் குழந்தைகள் அதிகம். எல்லாத் தேசத்தாரிடமும் எல்லா இனத்தாரிடமும் இது காணப்படுகிறதென்றாலும், ஜப்பானியரிடத்தில் காணப்படும் அளவுக்கு வேறெங்கும் இல்லை. ஹவாய்த் தீவுகளில் குடியேறிய ஜப்பானிய வம்சத்துக் குழந்தைகளிடத்திலும் இது மிகுதியாகத் தென்படுவதால், பரம்பரைக்கு இதில் ஒரு பங்கு உண்டென்று கருதப்படுகிறது. ஏதோ ஒரு கிருமி உள்ளே புகுந்ததும், அதை எதிர்க்கக் கிளம்பிய உடலின் பாதுகாப்புச் சக்தி அளவு மீறித் தன் சொந்த ரத்தக் குழாய்களையே தாக்கிவிடுகிறது என்பது பெரும்பாலோர் கொண்டிருக்கும் கருத்து. அந்தக் கிருமி இன்னதென்று இதுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை. பெரியவர்களிடத்தில் இது தோன்றுவதோ மிக அபூர்வம். உலக வைத்தியப் பத்திரிகைகளில் தனித்தனிக் குறிப்புகளாகவும், பிரான்ஸ் முதலிய தேசங்களிலிருந்து வந்த சிறு தொகுப்புகளாகவுமே அவை பதிவாகியிருக்கின்றன.

நோய்க்குத் தன் பெயரைத் தந்த டோமிசாகு கவாசாகி, டோக்கியோவில் செஞ்சிலுவைச் சங்கத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வைத்தியராக இருந்தவர். 1961-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், 4 வயதுச் சிறுவன் ஒருவன் விடாத ஜுரத்தோடும், சிவந்த கண்களோடும், வெடித்த உதடுகளோடும், உடம்பெல்லாம் தடிப்போடும் அவரிடம் வந்து சேர்ந்தான். தாம் அறிந்த எந்த வியாதியோடும் அது பொருந்தாமையால், சிறுவன் குணமடைந்து வீடு திரும்பியபோது, நோய் இன்னதென்று தெரியவில்லை என்றே பதிவேட்டில் எழுதி அவனை அனுப்பினார். மறு வருஷம் அதே லட்சணங்களோடு இன்னொரு குழந்தை வந்தபோது, முதலில் வந்த சிறுவனை அவர் மறந்திருக்கவில்லை. அந்த ஞாபகத்திலிருந்துதான் இந்த வியாதியின் சரித்திரமே தொடங்குகிறது. ஆரம்பத்தில் சக வைத்தியர்களில் பலர் இதை ஒரு தனி நோயாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் வாதாடிக் களைத்துப் போகாமல், ஒவ்வொரு குழந்தையாகச் சேகரித்துக்கொண்டே வந்து, 1967-ல் 50 குழந்தைகளின் விவரங்களை, தடிப்பு பரவிய விதத்தைக் கையால் வரைந்த படங்களோடு, ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். ஆங்கிலம் படிக்கிற உலகம் அவருடைய கட்டுரையைக் காண 1974 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காலத்திலேயே ஹொனலூலு நகரத்தில் மரியன் மெலிஷ் என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும், டோக்கியோவில் நடந்ததை முதலில் அறியாமலே, இதே நோயைத் தாங்களாகக் கண்டுகொண்டிருந்தார்கள்.

வந்த ஜுரம் தானே இறங்கிவிடுகிறது, குழந்தை விளையாடப் போய்விடுகிறது; ஆகையால் இது அபாயமற்றது என்ற எண்ணமே முதலில் நிலவியது. 1970-ல் ஜப்பான் முழுவதும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், இந்நோயிலிருந்து தேறிய பின் திடீரென்று ஹிருதயம் நின்று இறந்துபோன 10 குழந்தைகளின் பிரேதப் பரிசோதனை விவரங்கள் வெளிவந்தபோதுதான் அந்த நம்பிக்கை தகர்ந்தது. நடுத்தர அளவுள்ள ரத்தக் குழாய்களை, அவற்றிலும் விசேஷமாக ஹிருதயத்தின் தசைக்கே ரத்தம் கொண்டு செல்லும் கரோனரித் தமனிகளை, இந்த அழற்சி தேடிப் பிடிக்கிறது. தமனியின் சுவருக்கு வலுவையும் சுருங்கி விரியும் குணத்தையும் தரும் மீள்தன்மைப் படலம் அழற்சியால் அறுந்துபோக, சைக்கிள் டியூப் தேய்ந்த இடத்தில் புடைத்துக்கொள்வது போல, உள்ளிருக்கும் ரத்தத்தின் அழுத்தத்தால் தமனி அந்த இடத்தில் புடைத்துவிடுகிறது. அப்படிப் புடைத்த பைக்குள் ரத்தத்தின் வேகம் மந்தப்பட்டு, அது உறைந்து கட்டியானால் மாரடைப்பு வருகிறது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுக்கு இத்தகைய வீக்கம் ஏற்படுகிறது. ஜுரம் கண்ட 10 நாட்களுக்குள் உரிய சிகிச்சை கொடுத்தால் அது 5 சதவிகிதத்தை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. இந்த 10 நாள் கணக்கை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப் போவதெல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஜுர நோயாளிகளுக்குப் படுக்கை கிடைப்பது அரிது. அப்படியொரு மழைக்காலத்தில், கணபதிப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துவந்த, இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞன் ஒருவனை அவனுடைய தாயார் அழைத்துக்கொண்டு வந்தார். ஜுரம் கண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வழியில் இரண்டோர் இடங்களில் மருந்து வாங்கிச் சாப்பிட்டும் சூடு இறங்கவில்லை. மார்பிலும் முதுகிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. உதடுகள் காய்ந்து வெடித்து ரத்தம் கசிந்திருந்தன. நாக்கு செக்கச் செவேலென்று, அதன் மேல் முளைகள் புடைத்து நின்றன. கழுத்தின் ஒரு பக்கத்தில் நெறி கட்டியிருந்தது. உள்ளங்கைகள் சிவந்து, விரல்கள் வீங்கி, பட்டறையில் லேத்தின் கைப்பிடியை மூடிப் பிடிக்கக்கூட முடியாமல் போனதாகச் சொன்னான். முழங்காலிலும் மணிக்கட்டிலும் வலி இருந்தது.

மழைக்காலத்து ஜுரத்தோடு தடிப்பும் சேர்ந்து வந்தால், தமிழ்நாட்டு வைத்தியன் வரிசையாக நினைத்துப் பார்க்க வேண்டியவை பல. டெங்குவில் ரத்தத்தின் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கும். இவனுக்கு இறங்கவில்லை, டெங்குப் பரிசோதனையும் இல்லையென்றே சொல்லியது. புதர்க்காடுகளில் உள்ள சிறு பூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸில், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருகிய புண் ஒன்று மறைந்திருக்கும். ஆடை களைந்து தேடியும் அது கிடைக்கவில்லை, அதற்குரிய டாக்ஸிசைக்ளின் கொடுத்து இரண்டு நாள் ஆகியும் ஜுரம் அசையவில்லை. எலிக்காய்ச்சலிலும் கண் சிவக்கும். ஆனால் அதில் கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே நோயாளி அலறுவான். தட்டம்மைக்குரிய இருமலும் மூக்கொழுகலும் இல்லை. மருந்து ஒவ்வாமையால் வரும் கடுமையான தோல் நோயில் வாய்க்குள் கொப்புளங்கள் எழும்பிப் புண்ணாகும்; இவன் வாயில் கொப்புளமோ புண்ணோ இல்லை. ரத்தத்தைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பினோம், ஒன்றும் வளரவில்லை. சிறுநீரில் சீழணுக்கள் இருந்தன, ஆயினும் அதிலும் கிருமி வளரவில்லை. ஈரல் சம்பந்தமான நொதிகள் உயர்ந்திருந்தன. அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. மிகமிக உயர்ந்திருந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெரியவர்களிடத்தில் கவாசாகி நோயின் சாயல் கூடுதலாகப் பதிவாகியிருப்பதால் அந்தப் பரிசோதனையும் செய்யப்பட்டது, அதுவும் இல்லையென்றாயிற்று.

இத்தனை பரிசோதனைகளும் நோய் எதுவல்ல என்பதை மட்டுமே சொல்லின. எது என்பதைச் சொன்னவர் அந்தத் தாயார். ஜுரத்தின் ஒவ்வொரு நாளையும் வரிசையாகச் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க டாக்டருங்க, மூணாம் நாளு ரெண்டு கண்ணும் செவந்து போச்சுங்க. மெட்ராஸ் ஐ வந்துருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க. ஆனா பீளை ஒண்ணும் கட்டலீங்க. காலைல எந்திரிச்சா கண்ணு நல்லாத் தொறக்குதுங்க. ரெண்டு நாள்ல தானா வெளுத்துட்டு வருதுங்க" என்றார்.

"தண்ணி வடிஞ்சுதாங்கம்மா? உறுத்துதுன்னு சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. எனக்குப் பாக்கத்தான் பயமா இருந்துச்சுங்க."

நான் இளைஞனின் கண்ணிமையை விலக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சிவப்பு பெரும்பாலும் மறைந்திருந்தது. எஞ்சியிருந்த இடத்தில், வெள்ளைவிழியின் மேல் மெல்லிய ரத்த நாளங்கள் விரிந்து ஓடி வந்து, கருவிழியை நெருங்கும்போது சற்றே முன்னதாக நின்றுவிட, கருவிழியைச் சுற்றி வெளுத்த வளையம் ஒன்று சுத்தமாகத் தெரிந்தது. சாதாரணக் கண்வலியில் பீளையும் கூச்சமும் இருக்கும்; கவாசாகி நோயில் இரண்டு கண்களும் சேர்ந்து, பீளையின்றி, வலியின்றி, இந்த வெளுத்த வளையத்தை விட்டுவைத்துச் சிவக்கின்றன. குழந்தைகள் வைத்தியர்கள் நன்கறிந்த இந்த அடையாளத்தை, வயது வந்தவர்களின் வார்டில் தேடிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

இந்நோயை உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. 5 நாளோ அதற்கு மேலோ நீடித்த ஜுரமும், அதனோடு கண், வாய், தோல், கைகால், கழுத்து ஆகிய 5 இடங்களின் அடையாளங்களில் நான்கும் இருந்தால் நோய் தீர்மானிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கும் விதி இதுவே. சங்கடம் என்னவென்றால், இந்த அடையாளங்கள் யாவும் ஒரே நாளில் ஒன்றாக வந்து நிற்பதில்லை. மூன்றாம் நாள் சிவந்த கண் ஆறாம் நாள் வெளுத்திருக்கும். கை வீங்கும் நாளில் தடிப்பு மறைந்திருக்கும். ஒரு நாள் மட்டும் பார்க்கும் வைத்தியனுக்கு ஓர் அடையாளமோ இரண்டோதான் கண்ணில் படும். ஒவ்வொரு நாளும் நோயாளியின் பக்கத்திலேயே இருந்தவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, போன அடையாளத்தையும் இருக்கும் அடையாளத்தையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பதைத் தவிர இந்நோயைக் கண்டுகொள்ள வேறு மார்க்கமில்லை. பெரியவர்களிடத்தில் கழுத்து நெறியும் மூட்டு வலியும் ஈரல் பாதிப்பும் குழந்தைகளைவிட அதிகமாகவும், தட்டணுக்களின் பெருக்கமும் தமனி வீக்கமும் குறைவாகவும் காணப்படுகின்றன என்பதை அறிந்திருந்தால், கூட்டிப் பார்க்கும் வேலை இன்னும் சற்று எளிதாகும்.

அன்று மாலையே, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த குழந்தைகள் வைத்தியர் ஒருவரை என் வார்டுக்கு வந்து பார்க்கும்படி வேண்டிக்கொண்டேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, கட்டிலருகே நின்று, இளைஞனின் இரண்டு உள்ளங்கைகளையும் தம் கைகளில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தைத் தடவினார். "சார், இவருக்கு வயசு நாலா இருந்திருந்தா, நீங்க என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை, நர்ஸே சொல்லியிருப்பாங்க" என்றார். பெரியவர்களின் மார்புச் சுவர் தடித்திருப்பதால், குழந்தைகளிடத்தில் போல எக்கோ பரிசோதனையில் கரோனரித் தமனிகள் தெளிவாகத் தெரிவதில்லை. ஹிருதயத்தைச் சுற்றிய உறையில் சிறிது நீர் கோத்திருப்பது மட்டுமே அதில் தெரிந்தது. ஆகையால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தோம், இடப் பக்கத்து முன் தமனி ஓரிடத்தில் சற்றே விரிந்திருந்தது.

சிகிச்சை முறை 1980-களில் வகுக்கப்பட்டது. ஜப்பானில் ஃபுருஷோவும் அவருடைய சகாக்களும் 1984-ல், மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை நாளத்தில் செலுத்தினால் தமனி வீக்கம் குறைகிறதென்று தெரிவித்தார்கள். 1986-ல் அமெரிக்காவில் ஜேன் நியூபர்கர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில், ஆஸ்பிரின் மட்டும் பெற்ற குழந்தைகளில் இரண்டு வாரக் கடைசியில் 23 சதவிகிதத்தினருக்குத் தமனியில் கோளாறு காணப்பட, இம்யூனோகுளோபுலினும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 8 சதவிகிதமாக இருந்தது. பிற்பாடு 1991-ல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஒரே தவணையாகக் கொடுப்பதே மேலானது என்று நிலைநாட்டப்பட்டது. அதே அளவைத்தான் பெரியவர்களுக்கும் கையாளுகிறோம்.

இந்த எடைக் கணக்கில்தான் பெரியவரின் கஷ்டம் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 20 கிராம் போதும். 5 கிராம் பாட்டிலில் நான்கு. எங்கள் நோயாளி 60 கிலோ இருந்தான். அவனுக்கு 120 கிராம், அதாவது 24 பாட்டில்கள் தேவைப்பட்டன. விலை லட்ச ரூபாயைத் தாண்டி எங்கோ நின்றது. தாயார் கழுத்தில் இருந்ததைக் கழற்றி அடகுக்கு அனுப்பினார். பட்டறை முதலாளி மிச்சத்தைத் தாமாகவே கொண்டுவந்து கட்டினார். மருந்துக் கடைக்காரர் கோயம்புத்தூரில் கிடைத்தது போதாமல் வேறு ஊர்களுக்கும் சொல்லியனுப்பி, ஐஸ் வைத்த பெட்டியில் பாட்டில்களைத் தருவித்துக் கொடுத்தார். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை அறையின் சூட்டுக்கு வரும்வரை வைத்திருக்க வேண்டும். நுரை கட்டுமாகையால் குலுக்கக் கூடாது. முதல் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக மெதுவாக விட்டு, நடுக்கமோ மூச்சிரைப்போ ரத்த அழுத்த வீழ்ச்சியோ இல்லையென்று கண்ட பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். இரவுப் பணியில் இருந்த சிஸ்டர், கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு அமர்ந்துகொண்டு, ஒவ்வொரு பாட்டில் மாற்றும்போதும் நாடியையும் அழுத்தத்தையும் சூட்டையும் குறித்துக்கொண்டே விடியும்வரை விழித்திருந்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் முகம் தெரியாத ஆயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களின் பிளாஸ்மா கலந்திருக்கிறது என்பதை அந்த இளைஞனுக்கு எடுத்துச் சொன்னபோது, அவன் நெடுநேரம் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பிரின் கொடுப்பதில்தான் எங்கள் நாட்டில் வைத்தியனுக்குக் கை தயங்குகிறது. டெங்கு பரவும் மாதத்தில், காரணம் தெரியாத ஜுரக்காரனுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாதென்பது எங்களுக்கு அரிச்சுவடிப் பாடம். தட்டணுக்கள் இறங்கிய நிலையில் அது ரத்தக் கசிவை உண்டாக்கும். கவாசாகி நோயிலோ இரண்டாவது வாரத்தில் தட்டணுக்கள் எதிர்த்திசையில் ஏறுகின்றன, ரத்தம் உறைவதே அபாயமாகிறது. ஆகவே, டெங்கு இல்லையென்று திடப்படுத்திக்கொண்டு, தட்டணுக்களை நாள்தோறும் எண்ணிப் பார்த்துக்கொண்டே ஆஸ்பிரினைத் தொடங்கினோம்; ஜுரம் நின்ற பிறகு அளவைக் குறைத்துச் சிறிய அளவில் சில வாரங்கள் தொடர்ந்தோம்.

மருந்து இறங்கி முடிந்த மறுநாளே ஜுரம் விட்டது. இம்யூனோகுளோபுலின் முடிந்து 36 மணி நேரத்துக்குப் பின்னும் ஜுரம் நீடித்தாலோ மீண்டும் வந்தாலோ இரண்டாம் தவணையோ, ஸ்டீராய்டோ, வேறு மருந்தோ கொடுக்க வேண்டிவரும். அந்த அவசியம் அவனுக்கு நேரவில்லை. மூன்றாவது வாரத்தில் பரிசோதனைக்கு வந்தபோது அவன் கைகளை நீட்டினான். ஒவ்வொரு விரலிலும், நகத்தின் விளிம்பும் சதையும் சந்திக்கும் கோட்டில் தோல் முதலில் பிளந்து, அங்கிருந்து விரல் நுனியைச் சுற்றி உரிந்துகொண்டு வந்திருந்தது; கீழே புதுத் தோல் இளஞ்சிவப்பாக, வலியில்லாமல், முழுமையாக இருந்தது. இந்த நோயின் கையெழுத்து இது. ஆனால் 10 நாள் தவணை கடந்த பிறகே இது தோன்றுவதால், இதைக் கண்டு நோயைத் தீர்மானிக்கலாம் என்று காத்திருப்பவன் சிகிச்சைக்குரிய காலத்தை இழந்துவிடுவான். சில வாரங்களுக்குப் பின் எடுத்த படத்தில் தமனி பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. அவன் பட்டறைக்குத் திரும்பினான்.

இந்நோய் பெரியவர்களின் வைத்தியனிடம் வரும் வழி இன்னொன்றும் உண்டு. அதுவே அடிக்கடி நேர்வது, அதிகத் துயரமும் தருவது. முப்பதுகளில் இருந்த பஸ் கண்டக்டர் ஒருவர் மாரடைப்போடு வந்தார். புகை இல்லை, மது இல்லை, சர்க்கரை இல்லை, கொழுப்பும் மட்டாகவே இருந்தது. ஆஞ்சியோகிராம் எடுத்தபோது, மருந்து செலுத்துவதற்கு முன்பே, திரையில் ஹிருதயத்தின் நிழலுக்குள் சுண்ணாம்பு படிந்த வளையம் ஒன்று தெரிந்தது. மருந்து செலுத்தியதும், இடப் பக்கத்துத் தமனி தொடங்கும் இடத்திலேயே பெரிதாக வீங்கி, உள்ளே உறைந்த ரத்தத்தால் அடைபட்டிருப்பது புலப்பட்டது. நடுத்தர வயதில் வரும் கொழுப்பு அடைப்பின் உருவம் அதுவன்று. அவருடைய தகப்பனாரை அழைத்து, மகனுக்குச் சிறு வயதில் நீண்ட ஜுரம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். மூன்று வயதில் இரண்டு வாரம் ஜுரம் அடித்ததாகவும், உடம்பெல்லாம் சிவந்து உதடு வெடித்ததாகவும், அம்மை போட்டிருக்கிறதென்று வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எடுத்ததாகவும், பிறகு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்ததாகவும் அவர் சொன்னார்.

அந்தக் குடும்பத்தார் செய்தது அக்காலத்தில் எந்தக் குடும்பமும் செய்திருக்கக் கூடியதே. 1980-களில் நம் ஊர்ப் பக்கங்களில் இந்நோயின் பெயரை அறிந்த வைத்தியர்களே மிகச் சிலர். சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக் குழந்தைகள் வைத்தியர்கள் 1990-களிலிருந்து நோயாளிகளைத் தொடர்ந்து பதிந்து, எழுதி, போதித்து வந்ததால்தான், இது இந்தியாவிலும் உண்டென்ற உணர்வு மெல்லப் பரவியது. ஜப்பானில் கடோவும் அவருடைய சகாக்களும் 1992-ல், அமெரிக்காவில் ஜேன் பர்ன்ஸும் அவருடைய சகாக்களும் 1996-ல், குழந்தைப் பருவத்தில் கண்டுகொள்ளப்படாமல் போன கவாசாகி நோயே காரணமென்று கருதத்தக்க ஹிருதயக் கோளாறுகளோடு வந்த வாலிபர்களைத் தொகுத்துக் காட்டினார்கள். சிறு வீக்கங்களில் ஏறக்குறைய பாதி ஓரிரு வருஷங்களில் சுருங்கிப் பார்வைக்குச் சரியாகிவிடுகின்றன. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய வீக்கங்களோ பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கூடவே வருகின்றன. சரியானதாகத் தோன்றும் தமனியின் சுவரும் முற்றிலும் பழையபடி ஆவதில்லை. ஆகையால், 5 வயதில் ஜுரம் நின்றவுடன் வியாதியும் முடிந்துவிட்டதாக நினைப்பது தவறு.

2020-ஆம் வருஷம் கொரோனாக் காலத்தில், இத்தாலியின் பெர்காமோ நகரத்திலிருந்து, தொற்று கண்ட சில வாரங்களுக்குப் பின் கவாசாகி நோயை ஒத்த கடும் அழற்சியோடு குழந்தைகள் வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. சில மாதங்களில் அதே அழற்சி வயது வந்தவர்களிடத்திலும் பதிவாயிற்று. அது கவாசாகி நோயே அன்று, அதன் உறவு என்று சொல்லலாம். ஆனால் அதனால் விளைந்த நன்மை ஒன்று உண்டு: பெரியவர்களின் வார்டில் பணியாற்றும் இளம் வைத்தியர்கள், ஜுரக்காரனின் கண்ணையும் நாக்கையும் உள்ளங்கையையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். டோமிசாகு கவாசாகி அந்த வருஷம் ஜூன் மாதத்தில், தமது 95-ஆம் வயதில் காலமானார். கற்றுக்கொண்ட அந்தப் பழக்கம் தொற்றோடு சேர்ந்து மறைந்துவிடக் கூடாதென்பதே என் கவலை.

இளம் வைத்தியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். 5 நாளைக் கடந்தும் இறங்காத ஜுரத்தில், பெரியவராயிருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துபோனால், கண், வாய், தோல், கைகால், கழுத்து ஆகிய ஐந்தையும் நீங்களே தொட்டுப் பாருங்கள். இன்று இல்லாதது நேற்று இருந்ததா என்று கூட இருந்தவரைக் கேளுங்கள். ஐயம் தோன்றினால் பக்கத்துக் கட்டடத்துக் குழந்தைகள் வைத்தியரை அழைப்பதற்குக் கூச்சப்படாதீர்கள். 10 நாள் தவணை எவருடைய கௌரவத்துக்காகவும் காத்திருப்பதில்லை. பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் குழந்தைக்கு இந்நோய் வந்து குணமாகியிருந்தால், ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தையும் எக்கோ பரிசோதனை முடிவுகளையும் ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வைத்திருங்கள். பிள்ளை பெரியவனாகி வேலைக்கோ வெளியூருக்கோ போகும்போது அவற்றை அவன் கையில் கொடுத்து, இன்ன வயதில் இன்ன நோய் வந்தது என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். பின்னாளில் எந்தக் காரணத்துக்காக எந்த வைத்தியரிடம் போனாலும், அதை முதல் நாளே அவரிடம் சொல்லும்படி பழக்குங்கள்.